பாட் இருக்கிறதா என்று கேளுங்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை வந்து நின்றது. புதுச் சமையலறைக் கப்போர்டுக்கான ஷட்டர்கள், ஒரு கம்ப்ரசர், இரண்டு கப் கன், நாலு லிட்டர் பி.யூ. பெயிண்ட் டப்பா இரண்டு, அதற்கான ஹார்டனர் எல்லாம் இறங்கின. கடைசியாக ஒரு இருபது லிட்டர் டின்னை இரண்டு பையன்கள் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"தம்பி, அது என்னப்பா?"

"தின்னர் சார்."

"எட்டு லிட்டர் பெயிண்டுக்கு இருபது லிட்டர் தின்னரா?"

"கழுவணும்ல சார். அப்புறம் பெயிண்ட் கெட்டியா இருக்கும், கப்புல ஏறாது. கலக்கணும்."

"பாட் எடுத்துட்டு வரலையா?"

பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காண்ட்ராக்டர்தான் சிரித்துக்கொண்டே வந்தார். "பிரஷர் பாட்டா? அதெல்லாம் ஃபேக்டரிக்கு சார். வீட்டு வேலைக்குக் கப்பே போதும். எல்லாரும் இப்படித்தான் அடிக்கிறாங்க."

எல்லாரும் இப்படித்தான் அடிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வழக்கமாக இங்கே பழைய கதை படிக்க வருகிறவர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளவும். பழைய கதையும் நடுவில் வரும்.

பாட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான பாத்திரம், இறுக்கிப் பூட்டும் மூடி, மூடியில் ஒரு சேஃப்டி வால்வு. வித்தியாசம் என்னவென்றால் அடுப்பு கிடையாது. கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் அது பெயிண்டின் தலையில் உட்கார்ந்து அழுத்தும். பாட்டின் அடிவரை இறங்கியிருக்கும் குழாய் வழியாகப் பெயிண்ட் மேலேறி, ஒரு ஹோஸ் வழியாகக் கன்னுக்குப் போகும். கன்னுக்குத் தனியாக இன்னொரு ஹோஸில் காற்று வரும். பெயிண்டைத் தள்ள ஒரு ரெகுலேட்டர், பெயிண்டைப் பொடியாக உடைக்கும் காற்றுக்கு வேறொரு ரெகுலேட்டர். முழு சங்கதியும் இந்த இரண்டு ரெகுலேட்டரில்தான் இருக்கிறது.

கீழே கப் தொங்குகிற சாதாரணக் கன்னில் இந்தப் பிரிவினை கிடையாது. வேகமாகப் போகிற காற்றே பெயிண்டை உறிஞ்சவும் வேண்டும், உடைக்கவும் வேண்டும். உறிஞ்சுவதற்காகக் காற்றைக் கூட்டினால் புகை மண்டும். காற்றைக் குறைத்தால் பெயிண்ட் ஏறாது. அப்போது ஸ்ப்ரே அடிக்கிறவர் கையில் மிச்சமிருக்கிற ஒரே வழி தின்னர் டின்தான். நீர்க்கக் கலக்கினால் ஏறும். மேலே கப் வைத்த கன் இதைவிடத் தேவலை, பெயிண்ட் தானாக இறங்கும். ஆனாலும் கெட்டிப் பெயிண்டைத் தள்ளிவிட அங்கேயும் ஆளில்லை.

இனி கணக்கு. ஒரு லிட்டர் பெயிண்டில் நாற்பது பங்கு மரத்தில் தங்குகிற சரக்கு, அறுபது பங்கு பறந்துபோகிற திரவம் என்று வைத்துக்கொள்வோம். அதில் அரை லிட்டர் தின்னர் ஊற்றினால் ஒன்றரை லிட்டர் ஆகிறது. சரக்கு அதே 400 மில்லிதான். பறக்கிற திரவம் 600 மில்லியிலிருந்து 1,100 மில்லி ஆகிவிட்டது. 100 மைக்ரான் ஈரப்பூச்சு அடித்தால், கலக்காத பெயிண்ட் காய்ந்த பிறகு 40 மைக்ரான் தங்கும். கலக்கியது 27 மைக்ரான்கூட முழுசாகத் தங்காது. மூன்று கோட் என்று பேசி வாங்கிய வேலையில் 120 இருக்கவேண்டிய இடத்தில் 80 இருக்கும். மூன்று கோட் அடித்தது உண்மை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது மூன்று கோட்டுக்கு, கிடைத்தது இரண்டு கோட். மிச்சத்தை நீங்களும் உங்கள் வீட்டாரும் மூக்கால் இழுத்துவிட்டீர்கள்.

டப்பாவின் மேல் பெயிண்ட் கம்பெனிக்காரன் ஒரு கலவை அளவு எழுதியிருக்கிறான். அந்த அளவுக்குத் தின்னர் ஊற்றுவதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதற்கு மேல் "ஏறலை, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று ஊற்றுகிறார்களே, அதற்குத்தான் சண்டை.

இப்போது பழைய கதை.

நான் அம்பத்தூரில் ஒரு மர வேலைத் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தேன் என்பது இங்கே படிக்கிற பலருக்குத் தெரியும். டி.வி. கேபினட் செய்துகொண்டிருந்தோம். சென்னையில் தூர்தர்ஷன் வந்தது 1975-ல். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் வந்ததும் எங்கள் செக்‌ஷனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தேக்கு வெனீர் ஒட்டிய பெட்டி, நாலு கால், முன்னால் இழுத்து மூடுகிற மடக்குக் கதவு, சில மாடலில் பூட்டு சாவி கூட. அந்தப் பெட்டிக்கு சீலரும் என்.சி. லாக்கரும் அடித்து அனுப்புவது என் பொறுப்பு.

மூத்த ஸ்ப்ரேமேனை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பெட்டியின் உள்பக்கம், மேல்தட்டின் அடிப்பாகம், மடக்குக் கதவு ஓடுகிற காடி எல்லாம் அவர்தான் அடிக்க வேண்டும். நிரம்பிய கப்போடு கன் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைப் பெட்டிக்குள் நுழைத்து, மணிக்கட்டை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். திருப்பினால் கப் சாயும். சாய்ந்தால் மூடியின் காற்றுத் துளை வழியாக லாக்கர் முழங்கையில் சொட்டும், இல்லாவிட்டால் உறிஞ்சு குழாய் காற்றை இழுத்துத் துப்பும். மூலையில் அடித்த காற்று எதிரே போக வழியில்லாமல் அவர் முகத்துக்கே திரும்பி வரும். முகத்தில் கட்டியிருந்தது துண்டு. தினமும் ஒரு துவைத்த துண்டு கொண்டுவருவார். சாயந்திரம் அது மொடமொடவென்று அட்டை மாதிரி நிற்கும்.

ஒருமுறை பெயிண்ட் கம்பெனியின் டெக்னிகல் ஆள் வந்து பார்த்துவிட்டு, பத்து லிட்டர் பாட் ஒன்று வாங்குங்கள் என்றார். நிர்வாகம் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன் நான்.

காரணங்களும் எழுதினேன். அடிக்கடி ஷேடு மாறுகிறது, ஹோஸ் கழுவத் தின்னர் செலவாகும், ஆட்கள் பழக நாளாகும், இருக்கிற முறையில் உற்பத்தி குறைவின்றி நடக்கிறது. கையெழுத்து அழகாகப் போட்டிருந்தேன். இன்றைக்கு என் வீட்டுக்கு வந்த காண்ட்ராக்டர் சொன்ன வாக்கியத்துக்கும் நான் அன்றைக்கு எழுதிய காகிதத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. என் காகிதத்தில் இங்கிலீஷ் இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து பாட் வந்தது, வேறு வழியில்லாமல். ஒரு பெரிய ஆர்டரில் பாதிப் பெட்டிகள் உள்பக்கம் சொரசொரப்பு என்று திரும்பி வந்துவிட்டன. மேஸ்திரிக்கு முதல் நாள் பிடிக்கவேயில்லை. "வாலு கட்டின மாதிரி ரெண்டு ஹோஸை இழுத்துக்கிட்டுத் திரியணுமா சார்?" என்றார். டெக்னிகல் ஆள் காட்டிக்கொடுத்தபடி கன்னின் காற்றை நிறுத்திவிட்டு விசையை அழுத்தினோம். லாக்கர் தண்ணீர்ப் பீச்சாங்குழல் மாதிரி நேராக வந்தது. முனையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அங்குலம் நேராகப் போய் அப்புறம் வளைந்து விழுகிற அளவுக்குப் பாட் ரெகுலேட்டரை வைக்கச் சொன்னார். எங்கள் லாக்கருக்குப் பத்துப் பவுண்டுக்குள் அது முடிந்துவிட்டது. பிறகு கன்னின் காற்றை மெதுவாகக் கூட்டி, தூள் சீராக உடைகிற இடத்தில் நிறுத்தினோம். முன்பு ஐம்பது பவுண்டு வைத்த இடத்தில் முப்பத்தைந்தே போதுமாக இருந்தது. நாசிலும் சின்னது: 1.8 மில்லி போய் 1.1 மில்லி வந்தது. ஃபோர்டு கப்பில் இருபது வினாடிக்கு நீர்க்க வைத்த லாக்கரை முப்பது வினாடி கெட்டியிலேயே அடித்தோம்.

மேஸ்திரி கன்னை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெட்டிக்குள் நுழைந்தார். கப் இல்லாத கன் அரைக் கிலோ சொச்சம். கையைத் தலைகீழாகத் திருப்பினார். சொட்டவில்லை. துப்பவில்லை. மேல்தட்டின் அடிப்பக்கத்தை ஒரே இழுப்பில் முடித்துவிட்டு வெளியே வந்து கன்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மொதல்லயே வாங்கியிருக்கலாமே சார், ஏன் வாங்கல?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து அவருக்கு அந்தக் காகிதம் பற்றிக் கடைசிவரை தெரியாது.

பீடி சிகரெட் தொடாத மனிதர். ஐம்பத்திரண்டு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டார். எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருஷத் தின்னர் இண்டென்ட் எல்லாவற்றிலும் இருப்பது என் கையெழுத்து.

அப்போது நாங்கள் அடித்தது என்.சி. லாக்கர். மழைக்காலத்தில் வெள்ளை பூக்கும், வெந்நீர் டம்ளர் வைத்தால் வளையம் விழும். விஷத்தில் இன்றைய சரக்கைவிடச் சாது. இன்று வீட்டுக்கு வீடு பேசுகிற பி.யூ. வேறு ஜாதி. அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மீத்தைல் ஐசோசயனேட் என்பதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். இது அது அல்ல, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஆவியாகிற பொருளும் இல்லை. ஆனால் குடும்பம் ஒன்றுதான். டப்பாவில் சும்மா இருக்கும்போது பெரிதாகக் கிளம்பாத இதைக் கன்னில் வைத்துப் பொடித் தூளாக்கி அடிக்கும்போது, தூளில் ஏறிக்கொண்டு நேரே நுரையீரலுக்குப் போகிறது. ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்கு வருகிற ஆஸ்துமாவுக்கு இது உலகமறிந்த காரணம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் இழுக்கும். காய்ந்து இறுகிய பிறகு பயமில்லை. அடிக்கிற நேரமும் அதை ஒட்டிய நேரமும்தான் ஆபத்து. ஆகவே எவ்வளவு குறைவாகப் புகை எழுப்புகிறோம் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

அதுவும் எங்கே அடிக்கிறார்கள்? ஃபேக்டரியில் வாட்டர் கர்ட்டன் பூத் இருந்தது, பின்னால் பெரிய எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில்? ஹாலில் பேப்பர் விரித்து, தூசி ஒட்டும் என்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தி அடிக்கிறார்கள். மகன் ஆபீஸுக்குப் போய்விடுகிறான், மருமகளும் போய்விடுகிறாள், பேரன் ஸ்கூலுக்கு. வீட்டில் காவலுக்கு இருப்பது நாம்தான். எழுபது வயதில், பாதிப் பேர் இன்ஹேலரை மேசை டிராயரில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள்தானே, பொறுத்துக்கலாம்" என்று அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

காண்ட்ராக்டர்கள் சொல்கிற பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"கம்ப்ரசர் தாங்காது சார்." தவறு. பாட்டுக்குள் போகிற காற்று வெளியேறுவதே இல்லை. வெளியே போன பெயிண்டின் இடத்தை நிரப்புகிற அளவுதான் செலவு. காற்றைக் குடிப்பது கன். இன்று எச்.வி.எல்.பி. என்று ஒரு வகைக் கன் இருக்கிறது, முனையில் பத்துப் பவுண்டுக்கு மேல் போகாமல் நிறையக் காற்றை மெதுவாக விடுவது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம், அடிக்கிற பெயிண்டில் 65 சதவீதமாவது பொருளில் ஒட்ட வேண்டும் என்று மர வேலைக்குக்கூடச் சட்டம் போட்டபோது பரவியது அது. அதற்குத்தான் பெரிய கம்ப்ரசர் வேண்டும். பாட் கேட்டால் எச்.வி.எல்.பி.-யின் குறையைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

"ஒரு கிச்சனுக்கு இருபது லிட்டர் பாட்டா?" யார் கேட்டார்கள்? இரண்டு லிட்டர் பாட் இருக்கிறது. கையில் தூக்கிக்கொண்டு போகலாம், இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். எங்கள் சமையலறைக்கு அதுவே தாராளம்.

"ஹோஸுக்குள்ள பெயிண்ட் வேஸ்ட் ஆகும்." இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கால் அங்குல ஹோஸ் இருபத்தைந்து அடி என்றால் அதற்குள் கால் லிட்டர் பெயிண்ட் நிற்கும். ஆனால் நிற்கிற பெயிண்டைத் திரும்ப எடுக்கலாம். பாட்டின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மூடியைத் தளர்த்தி, கன்னின் ஏர் கேப்பை இரண்டு சுற்றுத் தளர்த்தி, அதன் மேல் துணியை அழுத்தி விசையைப் பிடித்தால், கன்னின் காற்று ஹோஸில் இருக்கிறதைப் பாட்டுக்கே தள்ளிவிடும். அப்புறம் அரை லிட்டர் தின்னர் ஓட்டினால் சுத்தம். பாட்டுக்குள் பாலித்தீன் உறை போட்டுக்கொண்டால் பாட்டைக் கழுவ வேண்டிய வேலையும் இல்லை. இதைச் செய்யாமல் ஹோஸில் கலந்த பி.யூ.வை விட்டுவிட்டுச் சாப்பிடப் போய், அங்கேயே ஒரு தூக்கமும் போட்டு வந்தால், ஹோஸ் குச்சியாகத்தான் இருக்கும். அது பாட்டின் குற்றமல்ல. ஒரு நாளில் நாலு கலர் மாற்றுகிற வேலை, ஒரே ஒரு டிராயர் முகப்பு, டச்சப், இதற்கெல்லாம் கப்பே எடுத்துக்கொள்ளட்டும். முழுச் சமையலறை, ஒரே கலர் என்றால் என்ன சாக்கு?

"பெயிண்டருக்குப் பழக்கமில்லை." இந்தச் சாக்குதான் எனக்கு மிகவும் கோபம் வரவழைப்பது. எங்கள் மேஸ்திரிக்குப் பழக அரை நாள்தான் ஆனது. லாஃப்ட் அடிக்கும்போது பாட் தரையில், கன் எட்டடி உயரத்தில் இருந்தால் பெயிண்ட் வரத்து குறையும், பத்தடிக்கு நாலு பவுண்டு கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அவரே இரண்டு நாளில் கண்டுபிடித்துச் சொன்னார். பழக்கமில்லாதவர் பெயிண்டர் இல்லை, பாட்டுக்குக் காசு போட மனமில்லாதவர் வேறு ஒருவர். தின்னர் செலவு வீட்டுக்காரர் பில்லில் ஏறிவிடுகிறது. மணிக்கட்டும் மூச்சும் பெயிண்டருடையது. காண்ட்ராக்டர் கணக்கில் எதுவும் ஏறுவதில்லை, பின்னே எதற்கு வாங்குவார்?

இதைப் படித்துவிட்டு யாராவது கைத்திறமையைக் காட்டப் பழைய குக்கரில் துளை போட்டுக் குழாய் மாட்டிவிடாதீர்கள். நான் குக்கர் என்று சொன்னது புரிவதற்காக. ஓர் அடி குறுக்களவுள்ள பாட் மூடியில் முப்பது பவுண்டு அழுத்தம் என்றால், அந்த மூடியை மேலே தள்ளுகிற விசை கிட்டத்தட்ட ஒன்றரை டன். சோதித்து முத்திரை போட்ட பாட், வேலை செய்கிற சேஃப்டி வால்வு, காற்றை முழுக்க இறக்காமல் மூடியில் கை வைக்காத ஆள், இந்த மூன்றும் வேண்டும். பாட் இருந்தால் மாஸ்க் வேண்டாம் என்றும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. துணியும் அட்டை மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்காவது முகத்தில் இருக்க வேண்டும். பி.யூ.வுக்கு வெளியிலிருந்து சுத்தக் காற்று வருகிற முகமூடிதான் உத்தமம்.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புகிறேன். தின்னர் டின்னை வாசலிலேயே நிறுத்தச் சொன்னேன். ஷட்டர்களை உங்கள் பட்டறைக்கு எடுத்துப்போய் அங்கே அடியுங்கள், பாட்டில் அடியுங்கள், பையன்களுக்கு மாஸ்க் வாங்குங்கள், கூடுதல் வண்டிச் செலவு நான் தருகிறேன் என்றேன். காண்ட்ராக்டர் முகம் சுண்டிப்போய் மகனுக்குப் போன் போட்டார். மகன் எனக்குப் போன் போட்டான். "அப்பா, உங்க ஃபேக்டரி கதையெல்லாம் இங்க எதுக்குப்பா? ஏற்கெனவே பதினைஞ்சு நாள் லேட்டு." என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சமையல் சாமான்களெல்லாம் ஹாலில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன, அவளுக்கும் கோபம் இருக்கத்தான் செய்யும்.

சாயந்திரம் அந்த இரண்டு பையன்களில் பெரியவன் கம்ப்ரசரை எடுக்கத் தனியாக வந்தான். போகிறபோது கேட்டான்: "ஐயா, நீங்க சொன்ன பாட்டு, தலைகீழா அடிச்சாலும் சொட்டாதா?"

சொட்டாது என்றேன்.

வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தான். இருபத்தி நாலு வயதுதான் இருக்கும்.

ஷட்டர்கள் இன்னும் எங்கள் வராந்தாவில்தான் சாய்த்து வைத்திருக்கின்றன. வெள்ளிக்கிழமை வருவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார், பாட்டோடு வருவாரா கப்போடு வருவாரா என்று சொல்லவில்லை. கேட் சாவி என்னிடம்தான் இருக்கிறது.